பாயிரம் இல்லாத படங்கள்: திரைப்பட எழுத்தாளர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

என் கோரிக்கை சிறியது. கதையைப் பதிவு செய்ய உங்களிடம் வருகிறவர் நிரப்பும் படிவத்தில், இக்கதைக்கு மூலமாகவோ தூண்டுதலாகவோ அமைந்த முந்தைய படைப்பு எது என்று ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்தப் பதில் படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் டைட்டிலில் வரும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். பிறகு தகராறு என்று ஒன்று வந்தால், உங்கள் குழு எதை எதோடு ஒப்பிட்டு என்ன முடிவுக்கு வந்தது என்பதைக் காரணத்தோடு எழுதி, எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன், ஏன் நீதிமன்றத்திடமோ அரசிடமோ கேட்கவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் உங்கள் சங்க உறுப்பினன் அல்லன். சிறுகதை எழுதுகிறவன், அழைத்தால் கதை விவாதங்களில் போய் உட்காருகிறவன். சாலிகிராமத்து அறைகளில், "இந்த சீனுக்கு ஒரு ரெஃபரன்ஸ் இருக்கு சார்" என்று யாராவது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் எல்லோரும் எழுதுகிறோம். அந்த ரெஃபரன்ஸின் பெயர் மட்டும் அறையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. படம் வெளிவந்து, ரசிகன் இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டிய பிறகு, "அது அந்த மேதைக்கு எங்கள் ட்ரிப்யூட்" என்று பேட்டி வருகிறது. மாட்டிக்கொண்ட பிறகு செலுத்தும் மரியாதைக்கு என்ன மதிப்பு என்று பேட்டி எடுப்பவரும் கேட்பதில்லை.

சரி, சட்டம் இதில் என்ன செய்யும்? 1978 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கதைத் திருட்டு வழக்கு இந்தியாவில் எங்கே நடந்தாலும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைப்பது இன்றுவரை அதைத்தான்: ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ். நமக்கு அதில் தனி அக்கறையும் உண்டு. கதையில் பாதி ஒரு மதராஸிக் குடும்பம்.

ஆனந்த் டெல்லிக்காரர். தொழிலால் கட்டடக் கலைஞர், ஈடுபாட்டால் நாடகக்காரர். 1953இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகம் எழுதினார். டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராஸிக் குடும்பமும் பழகுகின்றன, பிள்ளைகள் காதலிக்கிறார்கள், நீ எந்த மாகாணம், நான் எந்த மாகாணம் என்ற வீம்பு குறுக்கே வந்து நிற்கிறது. 1954இல் மேடையேறி நல்ல பெயர் வாங்கியது. இந்தித் திரைப்பட இயக்குநர் மோகன் செகல் அதைக் கேள்விப்பட்டுப் பிரதி கேட்டு எழுதினார். 1955 ஜனவரியில் அவர் டெல்லி வந்தபோது ஆனந்த் முழு நாடகத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினார். கோடம்பாக்கத்து வழக்கில் சொன்னால், ஃபுல் நரேஷன். சரி என்ற பதில் வரவேயில்லை. 1956இல் படம் வந்தது, 'நியூ டெல்லி' என்ற பெயரில். கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞன், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். டெல்லியில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் நாயகன் தென்னிந்தியனாக வேடம் போடுகிறான், காதல், மாகாண வீம்பு.

ஆனந்த் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றத்தில் தோற்றார், டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றார், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்.

நீதிபதி ஃபசல் அலி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: எண்ணம், கருப்பொருள், கதைக்கரு, வரலாறு, புராணம் இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுத்தாளன் அதை எப்படிச் சொன்னான் என்ற வடிவத்துக்கே உரிமை. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகலேதான் என்ற ஐயமற்ற எண்ணம் எழுந்தால்தான் குற்றம். நாடகத்தில் வீம்பு கல்யாணப் பேச்சோடு நிற்கிறது; படத்தில் அது வாடகை வீட்டுக்கும் வருகிறது, கூடவே வரதட்சணைக் கொடுமையும் சேர்கிறது. ஆகவே வேறு படைப்பு. முழுக் கதையையும் கேட்டவர்தான் படம் எடுத்தார் என்பது தெரிந்தும் முடிவு இதுதான்.

அதே அமர்வில் இருந்த நீதிபதி பதக் தனியாகச் சில பத்திகள் எழுதினார். அவற்றை அதிகம் பேர் படிப்பதில்லை. படத்தின் திரைக்கதையில் நாடகத்தின் முக்கிய அம்சங்களுடைய செல்வாக்கு இருப்பதாகவே தனக்குப் படுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒரே மாதிரி கண்டறிந்ததைக் கலைக்க முன்வராமல் முடிவுக்கு இணங்கினார். ஆனால் ஒரு எச்சரிக்கையைப் பதிவு செய்துவிட்டுத்தான் இணங்கினார்: முக்கியமில்லாத மாற்றங்களைச் செய்து, கருவைக் கொஞ்சம் அகலமாக்கி, வேறு மாதிரி தெரிய ஒரு திரையைப் போர்த்திவிட்டால் எழுத்தாளனின் உரிமையை எளிதாக மீறலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது, இன்னொரு தெளிவான வழக்கில் அதைப் போக்க வேண்டிவரலாம் என்றார்.

இந்தப் பத்தியைச் சங்க அலுவலகத்தில் ஃப்ரேம் போட்டு மாட்டலாம். கதை விவாத அறைகளில் இன்றும் நடப்பது அதுவேதானே? ஊரை மாற்று, நாயகனின் தொழிலை மாற்று, தங்கையைச் சேர், கிளைமாக்ஸில் மழையை எடுத்துவிட்டு நெருப்பை வை. பட்டி டிங்கரிங் முடிந்தது, வண்டி புதுசு.

என்றாலும் அந்தத் தீர்ப்பைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். கருவுக்கே உரிமை கொடுத்திருந்தால் நாமெல்லாம் எழுத முடியாது. அண்ணன் தம்பிப் பகை, பிரிந்த இரட்டையர், பழிவாங்கத் திரும்பி வருகிறவன் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் வேலி போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த தலைமுறை எதை எழுதும்? கரு எல்லோருக்கும் பொது என்பது எழுத்தாளனுக்குச் சாதகமான விதி. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். கொடுப்பவர் பெரும்பாலும் வாய்ப்புத் தேடிக் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநர். அவரிடம் இருப்பது கதையை ஓரிரு வரியில் சொல்லும் ஒன்லைன், மிஞ்சினால் அதைச் சற்று விரித்த ஒரு ட்ரீட்மென்ட். சட்டம் காக்கும் முழு வடிவம் அவரிடம் உருவாகியிருப்பதே இல்லை. கருவை மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டவரைச் சட்டம் ஒன்றும் செய்யாது.

சட்டம் முடியும் அந்த இடத்தில் தொடங்குவதுதான் உங்கள் வேலை என்று நினைக்கிறேன். 2018இல் அதை நீங்கள் ஒருமுறை செய்தும் காட்டினீர்கள். அந்தத் தீபாவளிக்கு வரவிருந்த 'சர்கார்' படத்தின் கருவும், 'செங்கோல்' என்ற பெயரில் ஒருவர் முன்பே பதிவு செய்து வைத்திருந்த கதையின் கருவும் ஒன்று என்று அன்றைய தலைவர் கே. பாக்யராஜ் வெளிப்படையாகச் சொன்னார். திரைக்கதை முழுக்க என்னுடையது, தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்ற பொறி மட்டுமே பொது என்றார் இயக்குநர். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது; முன்பே சிந்தித்தவருக்குப் படத்தில் பெயர் சொல்லி ஒரு கார்டு வந்தது. 1978 தீர்ப்பின்படி பார்த்தால், கள்ள ஓட்டு என்ற அந்தப் பொறிக்கு மட்டும் நீதிமன்றத்தில் அவருக்கு எதுவும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. சங்கம் வாய் திறந்ததால் பெயர் வந்தது.

ஆனால் அதற்கு எவ்வளவு கூச்சல்! படம் வெளிவரச் சில நாள்கள் இருக்கையில், தொலைக்காட்சி விவாதங்களுக்கு நடுவே, ரசிகர் சண்டைக்கு நடுவே, கழுத்தில் கத்தி வைத்துப் பெற்றது போல வந்த பெயர் அது. இதையே படப்பிடிப்புக்கு முன்பு ஒரு படிவத்தின் ஒரு வரியில் முடித்திருக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி.

இது மேல்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒழுக்கம் என்று யாராவது சொன்னால் நன்னூலை எடுத்துக் காட்டுங்கள். பாயிரம் என்பது நூலின் முகவுரை. சிறப்புப் பாயிரத்தில் சொல்லியே ஆக வேண்டியவை எட்டு என்கிறார் அதை எழுதிய பவணந்தி: "ஆக்கியோன் பெயரே வழியே எல்லை..." என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆசிரியன் பெயர் முதலில். இரண்டாவதாகவே வழி, அதாவது இந்த நூல் எதன் வழி வந்தது என்பது. நூலின் பெயர்கூட நான்காவதாகத்தான் வருகிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து, மூன்றுக்கும் மரியாதையான இடம் கொடுத்தவர்கள் நம் இலக்கணக்காரர்கள். வழிநூல் எழுதுவது தாழ்வென்று அவர்கள் நினைக்கவில்லை. எதன் வழி என்று சொல்லாமல் விடுவதைத்தான் அவர்கள் இலக்கணம் ஒப்பவில்லை.

கம்பன் அதைச் செய்தான். தேவபாடையில், அதாவது வடமொழியில், இக்கதை செய்தவர் மூவர். அவருள் முந்தியவரின் உரைப்படியே நான் தமிழ்ப் பாவில் சொல்கிறேன் என்று பாயிரத்திலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் வான்மீகியில் இல்லாததையெல்லாம் பாடப் போனான். மூலத்தைச் சொன்னதால் அவன் பெருமை குறைந்ததாக எந்தத் தமிழனும் சொன்னதில்லை. சாத்தனார் இன்னும் ஒரு படி மேலே. மணிமேகலையின் சிறைசெய் காதையில் "தெய்வம் தொழாஅள்" குறளை வரிக்கு வரி எடுத்துச் சேர்க்கிறார். சேர்த்த மூச்சிலேயே, "என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை" என்று கைகூப்பிவிடுகிறார். குறள் தெரிந்தவருக்கு மகிழ்ச்சி. தெரியாதவருக்கும் இது வேறொருவர் வாக்கு என்று விளங்கிவிடுகிறது. ட்ரிப்யூட் என்றால் எனக்கு அதுதான்.

முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர் சொல்லையும் அப்படியே எடுத்தாளலாம் என்பதற்கும் நன்னூலில் இடம் உண்டு: "பொன்னே போல் போற்றுவம்" என்பதற்காகவே பழஞ்சூத்திரத்தை அப்படியே வைக்கிறோம் என்கிறது பாயிரம். பழையதை எடுப்பவனின் பக்கத்து வாதத்தை இவ்வளவு அழகாக எந்த வழக்கறிஞரும் எழுதியதில்லை. அதே பாயிரம்தான், "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்றும் சொல்கிறது. பான் இந்தியா படங்களுக்கும் இது பொருந்தும்.

மரியாதைக்கும் நகலுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு சூத்திரம் இருக்கிறது: மரியாதை செய்பவன் மூலம் தெரிய வேண்டும் என்று விரும்புவான், திருடுபவன் தெரியக் கூடாது என்று விரும்புவான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை வைத்து மட்டும் நீங்கள் முடிவு சொல்லக் கூடாது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் இரண்டு படங்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 'செவன் சாமுராய்' 1954இல் வந்தது. அதை ஹாலிவுட்டில் 1960இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' என்று கௌபாய் படமாக்கினார்கள்; ஜப்பானியப் படத்தை அடிப்படையாகக் கொண்டது என்று டைட்டிலிலேயே போட்டார்கள். 1961இல் வந்த 'யோஜிம்போ'வை இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி 1964இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆக்கினார். யாரிடமும் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. "நல்ல படம்தான், ஆனால் அது என் படம்" என்று குரோசாவா அவருக்கு எழுதியதாகச் சொல்வார்கள். 'யோஜிம்போ'வின் பட நிறுவனமான டோஹோ வழக்குப் போட்டது. உலக வசூலில் 15 விழுக்காடும் ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளின் வெளியீட்டு உரிமையும் கொடுத்துத்தான் அது முடிந்தது.

லியோனியின் படம் மகத்தான படம். அது இல்லாமல் ஒரு வகைமையே இல்லை. லியோனிக்குக் குரோசாவா மேல் மதிப்பு இருந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. மதிப்பு, மேதைமை, புதுமை எல்லாம் இருந்தும் கடன் கடன்தான். மனதுக்குள் மரியாதை இருந்ததா என்று உங்கள் குழு ஆராயப் போனால், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். டைட்டிலில் இருந்ததா என்று கேட்டால் ஒரு பதில்தான் இருக்க முடியும்.

பெயர் போட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. இது இன்னொரு மயக்கம். நன்றி கார்டு வேறு, அனுமதி வேறு, பணம் வேறு. 'குணா'வின் 'கண்மணி அன்போடு' பாடல் 2024இல் ஒரு மலையாளப் படத்தில் ஒலித்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதிர்ந்தன. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' கதையே கொடைக்கானலில் அந்தக் குகையில் நடப்பது. இதைவிடத் தூய்மையான மரியாதையை யாரும் காட்ட முடியாது. அப்படியும் இளையராஜா தரப்பிலிருந்து மே மாதம் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்தவர்களிடம் வாங்கித்தான் சேர்த்தோம் என்றது படக்குழு. இசை உரிமை இசையமைப்பாளரிடமா, தயாரிப்பாளரிடமா, ஆடியோ நிறுவனத்திடமா என்ற அந்தச் சிடுக்கு உங்கள் மேஜைக்கு வராது; வரவும் வேண்டாம். ஆனால் எழுத்தாளர்கள் தங்கள் காட்சியில் பழைய பாடலையோ வசனத்தையோ எழுதும்போதே, இதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு ஒரு குறிப்பு எழுதும் பழக்கத்தைச் சங்கம் உண்டாக்கலாம்.

இதே இடத்தில் ஒரு மூடநம்பிக்கையையும் ஒழித்துவிடுங்கள். ஏழு நொடி வரை எடுக்கலாம், முப்பது நொடி வரை எடுக்கலாம் என்று எடிட்டிங் அறைகளில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நொடிக் கணக்கு எங்கும் கிடையாது. 52ஆம் பிரிவு நியாயமான கையாளுகைக்கு இடம் தருவது குறிப்பிட்ட காரியங்களுக்கு: சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, திறனாய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி. அமெரிக்காவில் ஃபேர் யூஸ் என்பது இதைவிட விரிந்தது. நோக்கம், மூலத்தின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு என்று நான்கையும் எடைபோட்டு எதற்கும் அது பொருந்தலாம். யூடியூபில் அமெரிக்கர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஃபேர் யூஸ் சார்" என்று இங்கே சொல்கிறவர்கள் வேறு நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார்கள். மிக அற்பமான எடுப்பை நீதிமன்றம் பெரிதுபடுத்தாது என்பது உண்மை. ஒரு பாடகி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தான் பாடிய பாடல்களின் சில வரிகளைப் பாடிக் காட்டியதற்காக நடந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் அப்படித்தான் சொன்னது. அதுவும் இடம் பொருள் பார்த்துச் சொன்னதே தவிர, நொடி எண்ணிச் சொன்னதில்லை.

எடுத்தாள்வதற்கு எதிரானவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். எடுக்காமல் பதில் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் தோப்பில் பாஸியின் 'நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி' 1952இல் மேடையேறி ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றிய நாடகம். 1995இல் சிவிக் சந்திரன் அதற்கு எதிர்நாடகம் எழுதினார்: 'நிங்ஙள் ஆரெ கம்யூணிஸ்டாக்கி', நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்? அதே பாத்திரங்கள், பல இடங்களில் அதே வசனங்கள். பாஸியின் குடும்பத்தார் தடை கேட்டார்கள். எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்தின் பிழைப்பைக் கெடுக்கிறதா என்று பார்த்த கேரள உயர் நீதிமன்றம், இது நாடகத்தின் வழியே நாடகத்தை விமர்சிப்பது என்று சொல்லி எதிர்நாடகத்தை அனுமதித்தது. மூலத்தின் பெயரை உரக்கச் சொல்லாமல் எதிர்நாடகம் என்ற ஒன்றே இருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். நாளை நம் பழைய படம் ஒன்றின் சாதிப் பெருமையை, பெண்ணடிமைப் பேச்சைத் திருப்பிக் கேட்டு ஒரு இளைஞர் அதே காட்சியை எடுத்துத் திரைக்கதை எழுதி வந்தால், தயவுசெய்து அவரைக் காப்பி அடித்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் சட்டம் உங்களுக்கு ஒரு கைத்தடியும் தந்திருக்கிறது, 57ஆம் பிரிவு. உரிமை முழுவதையும் விற்று கையெழுத்துப் போட்ட பிறகும், இதை ஆக்கியவன் நான் என்று சொல்லும் உரிமையும், சிதைத்தால் கேட்கும் உரிமையும் ஆசிரியனிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனின் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துக் குடோனில் போட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டு 2005இல் வென்றது இந்தப் பிரிவால்தான். நாட்டுடைமை ஆன எழுத்தை எடுக்கும்போதுகூடப் பெயரை விடுவதில் நியாயம் இல்லை. பாரதி பாடல்களின் உரிமைக்காக 1940களில் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனுக்கும் நாடகக் கலைஞர் டி.கே. சண்முகத்துக்கும் நடந்த தகராறும், 1949இல் சென்னை அரசு அந்த எழுத்துகளின் உரிமையை வாங்கியதும், பிறகு அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. பாரதியின் வரி நம் எல்லோருக்கும் இலவசம். வரியை எடுத்துத் தலைப்பாக வைத்துவிட்டுப் பாரதி பெயரை எங்கும் போடாத படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது இந்த மடலுக்கு வெளியே.

இனி மறுபக்கம். புகார் கொண்டுவருபவர்கள் எல்லோரும் பறிகொடுத்தவர்கள் என்று எண்ணிவிட முடியாது. ஒரு ஊர், ஒரு திருவிழா, ஒரு கொலை என்று இரண்டு கதையிலும் இருந்தால் உடனே நோட்டீஸ் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வெளியீட்டுக்கு முந்தின வாரம்தான் அனுப்புவார்கள். வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவர் அப்போது எதற்கும் தலையாட்டுவார் என்று தெரியும். 2017 மார்ச்சில் 'ஃபில்லௌரி' என்ற இந்திப் படத்துக்கு அப்படிக் கடைசி நேரத்தில் தடை கேட்டு வந்தவரை மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் கடுமையாகக் கண்டித்து அனுப்பினார். ட்ரைலர் வந்த அன்றே தெரிந்ததை ரிலீஸ் அன்று வந்து சொல்கிறவருக்குச் சங்கமும் காது கொடுக்கக் கூடாது. உங்கள் முத்திரை விழுந்த பதிவு, இந்தத் தேதியில் இந்தக் கதை இவரிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி. அதற்கு மேல் எதுவும் இல்லை. எழுதி முடித்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது என்பதையும், அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் தனியே பதிந்துகொள்ளலாம் என்பதையும் புதிய உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கருவுக்கு எந்தப் பதிவும் உரிமை தராது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதி புகார்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

நான் கேட்கும் படிவத்துக்கு வரக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். தயாரிப்பாளரின் வழக்கறிஞர் சொல்வார்: மூலத்தின் பெயரை நம் கையால் எழுதிக் கொடுப்பது ஒப்புதல் வாக்குமூலம், நாளை அதையே வைத்து நம்மீது வழக்குப் போடுவார்கள். 1978 தீர்ப்பே அவருக்குப் பதில். எடுத்தது கரு மட்டும் என்றால், சொல்வதால் ஒரு ரூபாய் நட்டமில்லை; கருவுக்கு உரிமையே கிடையாதே. எடுத்தது காட்சியும் வசனமும் என்றால், சொல்லாமல் விட்டதாலேயே யாரும் தப்பித்ததில்லை. வெளியான இரவே ஒரு கல்லூரி மாணவன் இரண்டையும் ஒட்டிப் போட்டுவிடுகிறான். அந்த ஆபத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துகொள்வது தயாரிப்பாளருக்குத்தான் லாபம். அப்போது உரிமை மலிவாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் காட்சியை மாற்றிக்கொள்ளலாம். ரிலீஸுக்குப் பிறகு கேட்டால் சொல்வதே விலை.

'ஏதுமில்லை' என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள். பெரும்பாலோர் உண்மையாகவே எழுதுவார்கள். படித்ததும் பார்த்ததும் எங்கோ அடியில் கிடந்து தானாக மேலே வருவதும் உண்டு. அதைத் திருட்டென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சீன் ஆர்டர் மாறாமல் இருக்கையில் 'ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போட்டவர், அந்தக் கையெழுத்துக்கு உங்கள் குழுவின் முன் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது அவரிடம் நாம் கேட்பது, நீ காப்பி அடித்தாயா என்று. ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம். படிவம் வந்தால் கேட்கப் போவது, இதை ஏன் எழுதவில்லை என்று.

குழுவின் முடிவை வெளியிடச் சொன்னேனே, அதற்கும் காரணம் இதுதான். இது இன்ன காரணத்தால் பொதுக் கரு, இந்த ஐந்து காட்சிகள் மட்டும் கருவைத் தாண்டியவை, ஆகவே பெயர் போட வேண்டும், பணம் பற்றி நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று பத்துப் பன்னிரண்டு முடிவுகள் எழுத்தில் இருந்தால், அடுத்து எழுத வருகிறவருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்றைக்கு அது வதந்தியாகத்தான் தெரிகிறது.

படிவத்தில் சேர்ப்பதற்கான வாசகத்தை நானே எழுதிப் பார்த்தேன். உங்கள் சட்ட ஆலோசகர் திருத்திக்கொள்ளட்டும்:

"வழி: இக்கதையின் கரு, பாத்திரம், காட்சி, வசனம் ஆகியவற்றுள் எதற்கேனும் முந்தைய நூல், நாடகம், படம், பாடல், நேரில் கேட்ட கதை ஆகியவை மூலமாகவோ தூண்டுதலாகவோ இருந்தால் அதன் பெயரையும் ஆக்கியவர் பெயரையும் எழுதுக. எடுத்தது கரு மட்டுமா, காட்சியும் வசனமுமா என்பதைக் குறிப்பிடுக. அனுமதி பெற்றிருந்தால் விவரம் இணைக்க. இல்லையெனில் 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையொப்பமிடுக. இங்கு எழுதப்படும் பெயர்கள் படத்தின் தொடக்க டைட்டிலில் இடம்பெறும்."

'நேரில் கேட்ட கதை' என்ற மூன்று சொற்களை மட்டும் யார் எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். நரேஷன் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பையன்களுக்காக எழுதியது அது.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்த்தால் வாதாட வருகிறேன். உறுப்பினன் இல்லை என்று வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் சரி, குரல் உள்ளே கேட்கும்படி பேசத் தெரியும்.

அன்புடன்,
ஒரு சிறுகதை எழுத்தாளன்
சென்னை